சக்கரம் வைத்த மர அடுக்கு

(தஞ்சாவூரில் நூலக வார விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நூலக வார விழாவில் தச்சு வேலையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் சற்றுத் தயங்கினார்கள். 1931ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதியை நினைவுபடுத்தினேன். உடனே சம்மதித்துவிட்டார்கள். அன்றுதான் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி நூலகமாகப் புறப்பட்டது. அப்போது மன்னார்குடி தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. வண்டியை உருவாக்கியவர் ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபை பிள்ளை. நூலகத்துக்கு வரமுடியாதவர்களின் ஊருக்கு நூலகமே போகட்டும் என்று அவர் முடிவு செய்தார். ஆசிரியர் வேண்டும், கட்டடம் வேண்டும், அரசாணை வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. நம் ஊர்த் தச்சருக்குத் தெரிந்த வண்டி, நம் ஊர்த் தச்சருக்குத் தெரிந்த அலமாரி. ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றினார், அவ்வளவுதான். இந்தியாவின் நடமாடும் நூலக வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த வண்டியைத் தொடாமல் போகமுடியாது.

இந்த முயற்சிக்குத் தூண்டுதலாக இருந்தவர் சீ. இரா. அரங்கநாதன். 1892இல் சீர்காழியில் பிறந்தவர். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலகத்துக்கான ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டதும் அதே 1931தான். அந்த விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. எனக்கு அது ஒரு தச்சரின் விதியாகவே படுகிறது. புத்தகத் தட்டு எவ்வளவு உயரம் போகலாம் என்ற கேள்விக்கும் அவர் பதில் வைத்திருந்தார்: தரையில் நின்றபடி கை எட்ட வேண்டும், அதற்குமேல் போகக்கூடாது. மேலே இடம் வீணாகிறதே என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள். இடம் மிச்சமா, மனிதர் மிச்சமா என்று பார்த்தால் அவர் எப்போதும் மனிதர் பக்கம் நின்றார்.

நான் இன்று சொல்ல வந்ததும் இதுதான். பொருளை வைப்பதற்காக அடுக்கு செய்யாதீர்கள். எடுப்பதற்காகச் செய்யுங்கள்.

காவிரிப் படுகையில் இதை அறியாத தச்சர் இருந்ததில்லை. பத்தாயத்தைப் பாருங்கள். பழைய வீட்டின் கூடத்தில் ஓர் அறை அளவுக்கு நிற்கும், நெல் சேமிக்கும் மரப் பெட்டி அது. பலகைகளைத் துளையும் கழுந்துமாகப் பூட்டியிருப்பார்கள். பிரித்தெடுத்து இன்னொரு வீட்டில் திரும்பப் பூட்டலாம். பாகப் பிரிவினையில் பத்தாயம் யாருக்கு என்பதும் ஒரு கேள்வியாக இருந்தது. மேலே மூடி. கால்கள் தரையிலிருந்து தூக்கி நிற்கும். எனக்கு மிகவும் பிடித்தது கீழே இருக்கும் சின்னத் திறப்பு. பலகையை மேலே இழுத்தால் நெல் தானாகச் சரிந்து மரக்காலில் விழும். ஏணி வேண்டாம், பெரிய மூடியைத் தூக்க ஆள் வேண்டாம். சமையல் வேலைக்கு நடுவே ஒரு பெண் தனியாக வந்து அன்றைய நெல்லை எடுத்துக்கொண்டு போகலாம். மேல்மூடி அடிக்கடி திறக்காததால் ஈரக்காற்றும் அந்துப்பூச்சியும் உள்ளே போவது குறைந்தது. வசதி இல்லாத வீட்டில் மண்குதிர் இருந்தது. உறை உறையாகச் செய்து அடுக்கி, இடைவெளியில் களிமண் பூசி, அதற்கும் அடியில் ஒரு வாய் வைத்தார்கள். பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாய் கீழேதான்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் இருக்கிறது. வட்டமான சுவர், கூம்பிய கூரை. சுமார் 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். கும்பகோணம் சாலையில் போகும்போது இறங்கிப் பாருங்கள். அரசர் கட்டிய சேமிப்பு அது, பிரமிப்பாக இருக்கும். ஆனால் என் மனம் பத்தாயத்திடம்தான் திரும்பி வருகிறது. அது ஒரு குடும்பத்தின் கைக்கும் தோளுக்கும் அளவெடுத்துச் செய்தது.

இன்றைய வீட்டுக்கு வருவோம். பத்தாயம் போய்விட்டது. நெல் களத்திலிருந்தே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது, அரிசி மூட்டையாக வருகிறது. திண்ணை இருந்த இடத்தில் கார் நிற்கிறது. வண்டிக்கொட்டகை கார் ஷெட் ஆகிவிட்டது. அந்த ஷெட்டின் சுவரோரம் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பாதி தீர்ந்த பெயின்ட் டப்பா, மோட்டார் ஒயர், தோட்டத்து மண்வெட்டி, திருமண வீட்டுப் பாத்திரம், பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகம், கொலு பொம்மை. ஒன்றின் மேல் ஒன்றாக அட்டைப்பெட்டிகள். கார்த்திகை மழைக்கு அடிப்பெட்டி நனைந்து உட்காரும், மேலே உள்ளவை சாயும். இல்லையென்றால் எல்லாம் பரணுக்குப் போகும்.

பரணைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. நவராத்திரிக்கு முன்பு கொலு பொம்மைகளை இறக்க யார் ஏறுகிறார்கள்? அறுபது வயதைத் தாண்டிய அம்மாக்கள், பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நின்று, காகிதத்தில் சுற்றிய மண்பொம்மையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். இடுப்பெலும்பு முறிந்து படுத்த தாய்மார்களை இந்த அவையில் உள்ள பலர் அறிவீர்கள். வீட்டைக் கட்டும்போது சேமிக்க இடம் வேண்டும் என்று பரணைப் போட்டுவிட்டோம். எடுக்கிறவரை யாரும் எண்ணவில்லை.

அதனால், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளை இழுப்பறைபோலத் தாங்கும் ஒரு மர அடுக்கையும், அது நகரச் சக்கரங்களையும் நீங்களே செய்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறேன். ஒரு தச்சரை வைத்துக்கொண்டால் விரைவில் முடியும். ரம்பமும் துளைபோடும் மிஷினும் பிடிக்கத் தெரிந்தால் நீங்களே செய்யலாம்.

முதலில் பெட்டியை வாங்குங்கள், பிறகு மரத்தை. கடையில் ஒவ்வொரு கம்பெனிப் பெட்டியும் ஒவ்வோர் அளவு. ஒரே அளவில் எட்டு வாங்குங்கள், இரண்டு கூடுதலாக இருந்தாலும் நல்லது, அடுத்த வருடம் அதே அளவு வராமல் போகலாம். நீளம் 24 அங்குலம், வாய் அகலம் 16, உயரம் 12 உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். இந்தப் பெட்டிகளெல்லாம் வாய் அகன்று அடி குறுகியிருக்கும். 16 அங்குல வாய் என்றால் அடி 14 இருக்கும். வாயின் விளிம்பில் தொங்கவிட்டால் சுமையில் பிளாஸ்டிக் வளைந்து ஒருநாள் நழுவும். அடியில்தான் தாங்க வேண்டும். ஆகவே பெட்டியைத் தாங்க இரு பக்கத்துச் சட்டங்களிலும் பொருத்தும் மரப்பட்டிகள் 3 அங்குல அகலம் இருக்கட்டும். அப்போது பெட்டியின் அடி இருபுறமும் ஒன்றே முக்கால் அங்குலம் பட்டிமேல் உட்காரும்.

பக்கத்துக்குக் கால் அங்குலம் இளக்கம் விட்டால் பெட்டிக்கு 16½ அங்குல வழி. இரண்டு வரிசைக்கு 33. நடுவிலும் ஓரங்களிலும் 2 அங்குலச் சட்டம் மூன்று வரும், 6 அங்குலம். மொத்த அகலம் 39. ஒரு நிலைக்குப் பெட்டியும் பட்டியும் கை நுழைய இடமும் சேர்த்து 14½ அங்குலம். நான்கு நிலைக்கு 58. சக்கரம் 5. ஆக ஐந்தேகால் அடி. மேல்நிலைப் பெட்டியின் அடி ஐந்தடி உயரமுள்ள பெண்ணின் தோள் மட்டத்தில் வரும். அதற்குமேல் ஒரு நிலை சேர்க்கலாமே என்று தோன்றும். சேர்க்காதீர்கள். அரங்கநாதன் போட்ட கோடு அது. மேல்நிலையில்கூட மெத்தை உறை, அலங்கார விளக்கு, காகிதப்பூ மாதிரி லேசானவைதான். கனமானது கீழே. கனம் மேலே போனால் தள்ளும்போது அடுக்கு தலைகுப்புறச் சாயும்.

மரம் எது? கல்லணைக் கால்வாய்க் கரைத் தேக்கைப் பார்த்து வளர்ந்த நமக்கு வாயில் முதலில் வருவது தேக்குதான். ஷெட்டில் நிற்கும் அடுக்குக்குத் தேக்கு வேண்டியதில்லை. இடிக்கும் வீட்டுச் சாமான் விற்கும் கடையில் பழைய வேம்பு, பழைய வாகைச் சட்டங்கள் கிடைக்கும். பல வருடம் காய்ந்த மரம், இனி முறுக்காது. வைரம் பாய்ந்த பகுதியைப் பார்த்து எடுங்கள். வெள்ளையாக இருக்கும் வெளிப்பகுதியை வண்டு முதலில் தின்னும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கங்களில் தென்னையும் பலாவும் மாவும் சாய்ந்தன. வீணைக்கு ஆகும் பலா மரம் துண்டு துண்டாக விறகு வண்டியில் போனதைப் பார்த்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. உங்கள் தோப்பில் அன்று விழுந்து, நிழலில் காய்ந்து கிடக்கும் பலகை ஏதும் இருந்தால் அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. முதுகுக்கு மட்டும் பிளைவுட் போடலாம், ஈரம் தாங்கும் ரகமாகக் கேளுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த போர்டு நம் ஐப்பசிக்கு ஆகாது. ஒரு மழைக்காலத்தில் உப்பி உதிர்ந்துவிடும்.

முதுகுப் பலகை அழகுக்கு என்று நினைக்கவேண்டாம். நாலு சட்டத்தைச் செவ்வகமாக அடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், சாய்ந்து கோணிவிடும். நிலையாக நிற்கும் அலமாரியே கோணும் என்றால் நகரும் அடுக்கு கேட்கவே வேண்டாம். முதுகு முழுக்கப் பலகை, அல்லது மூலைக்கு மூலை குறுக்குச் சட்டம், இரண்டில் ஒன்று கட்டாயம். அதை அடிப்பதற்கு முன்பு இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவு வந்தால்தான் செவ்வகம் நேர். மூலைமட்டம் பொய் சொன்னாலும் மூலைவிட்டம் சொல்லாது.

பட்டிகளைச் சட்டத்தில் திருகாணி போட்டு முடுக்குங்கள், முன்கூட்டித் துளை போட்டு. நடுச் சட்டத்தில் இரு பக்கமும் பட்டி வருவதால் ஒரு பக்கத்துத் திருகாணியும் மறுபக்கத்துத் திருகாணியும் உள்ளே முட்டும். அவற்றை மேலும் கீழுமாக மாற்றி வையுங்கள். மரத்தின் வெட்டுமுனைக்குள் திருகாணி ஏற்றினால் பிடிப்பு நிற்காது. அங்கே கழுந்து வெட்டுங்கள், முடியாவிட்டால் இரும்பு எல்-பட்டை வையுங்கள். துளையும் கழுந்தும் செய்யத் தெரிந்த தச்சர் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால் அவர் கேட்கும் கூலியைக் கொடுத்து அவரிடமே கேளுங்கள், பக்கத்தில் பிள்ளைகளை உட்கார வையுங்கள்.

இப்போது சக்கரம். அடுக்கின் உயிர் இதில்தான். எட்டுப் பெட்டி, ஒவ்வொன்றிலும் 15 கிலோ என்று வைத்தால் 120 கிலோ. மரம் 40 கிலோ வரும். மொத்தம் 160. நான்கு சக்கரத்துக்கு ஆளுக்கு 40 என்று கணக்குப் போடுவது வழக்கம். அது தவறான கணக்கு. நம் ஷெட்டுத் தரை எங்கே மட்டமாக இருக்கிறது? ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேல் தொங்கும்போது மூன்றுதான் சுமக்கும். 160ஐ மூன்றால் வகுங்கள், ஒன்றுக்கு 53 கிலோவுக்கு மேல். 70 கிலோ தாங்கும் சக்கரம் கேளுங்கள். விட்டம் 4 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. சின்னச் சக்கரம் சிமெண்டு வெடிப்பிலேயே நின்றுவிடும், பெரியது ஏறிக் கடக்கும். சக்கரத் தட்டைத் திருகாணியில் நம்பாதீர்கள், போல்ட்டும் நட்டும் போட்டு அடிச்சட்டத்தை ஊடுருவி முடுக்குங்கள்.

நான்கும் திரும்பும் சக்கரமாக இருந்தால் நல்லது என்று கடைக்காரர் சொல்வார். நெடுக்கில் தள்ளுவதற்கு இடம் இருந்தால் ஒரு முனையில் இரண்டு நேர்ச்சக்கரம், மறுமுனையில் இரண்டு திரும்பும் சக்கரம் போதும், போகும் திசை கைக்கு அடங்கும். திரும்பும் இரண்டிலும் பிரேக் இருக்க வேண்டும். தேர் ஓடும் ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா? திருவாரூர் ஆழித்தேரின் சக்கரம் தானாகத் திரும்பாது. முட்டுக்கட்டை போடுகிறவர்தான் அதை வீதி முனையில் திருப்புகிறார், அவர்தான் நிறுத்துகிறார். திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்துக் கொடுத்த பிறகும் முட்டுக்கட்டை தேரை விட்டுப் போகவில்லை. ஓடுகிற எதையும் நிறுத்த வழி செய்துவிட்டுத்தான் ஓடவிட வேண்டும் என்பது அந்த வீதிகளில் பழகிய அறிவு. உங்கள் அடுக்குக்கும் பிரேக்கோடு இரண்டு மர ஆப்புகள் செய்து வையுங்கள். ஷெட்டுத் தரை வாசலை நோக்கிச் சரிவாக இருக்கும், தண்ணீர் வடிய அப்படித்தான் போடுவார்கள். இரண்டு பெட்டிகளை ஒரே நேரத்தில் முன்னால் இழுத்து நிறுத்தக்கூடாது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். பாரம் முன்னால் வந்தால் அடுக்கும் முன்னால் வரும்.

சக்கரம் எதற்கு, சுவரோடு நிலையாக வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். நம் மண்ணைக் கேளுங்கள். 2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்த மாதிரி வருடம் வரும்போது நகரக்கூடிய அடுக்கைக் கூடத்துக்குள் தள்ளிவிடலாம். வராத வருடத்திலும் கரையான் வரும். சுவரோடு ஒட்டிய அலமாரியின் பின்னால் கரையான் மண்வரி ஏறுவது மாதக்கணக்கில் கண்ணில் படாது. சனிக்கிழமை தோறும் அடுக்கை நகர்த்திப் பின்னால் பெருக்கினால் எலி எச்சமும் தெரியும், மண்வரியும் தெரியும், சுவரின் ஓதமும் தெரியும். நெல் மூட்டைகளைத் திறந்தவெளியில் அடுக்கும்போது அடியில் மரச்சட்டங்கள் போட்டு மண்ணிலிருந்து பிரிப்பதைக் கிடங்குகளில் பார்த்திருப்பீர்கள். சக்கரம் அடுக்கைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துவதும் அதே காரணத்துக்குத்தான்.

பெட்டிக்குள் என்ன போடுவது என்பதை ஒவ்வொரு வீடும் முடிவு செய்துகொள்ளும். புத்தகமும் துணியும் வைக்கிறவர்கள் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தைப் பின்பற்றலாம். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து சுவடிகளோடு வைப்பது அங்கே நெடுநாள் வழக்கம். விவசாயிகளுக்கு ஒரு சொல். நெல் ஜெயராமன் 2018 டிசம்பரில் மறையும் வரை நெல் திருவிழா நடத்தி, மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை, பூங்கார் போன்ற பாரம்பரிய நெல் விதைகள் கை மாறக் காரணமாக இருந்தார். அந்த விதைகள் இன்று பல வீடுகளில் சிறு அளவில், ரகம் ரகமாக இருக்கின்றன. பத்தாயம் ஒரே நெல்லுக்கானது. இருபது ரகத்தை இருபதாகவே காக்க வேண்டுமென்றால் தனித்தனிப் பெட்டியும், ஒன்றை எடுக்க இன்னொன்றை இறக்க வேண்டாத அடுக்கும்தான் வழி. ஒன்றே ஒன்று: விதையை நன்றாகக் காயவைத்த பிறகே பிளாஸ்டிக் பெட்டியில் மூடுங்கள். வைக்கோல் பிரியால் கட்டிய விதைக்கோட்டை மூச்சுவிடும், பிளாஸ்டிக் விடாது. ஈரத்தோடு மூடிய விதை புழுங்கி முளைப்புத்திறன் போய்விடும். பெட்டியின் முன்பக்கத்தில் ரகத்தின் பெயரும் அறுவடை மாதமும் எழுதி ஒட்டுங்கள். மூடியில் ஒட்டினால் அடுக்கில் இருக்கும்போது படிக்க முடியாது.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் ஊர்ப்புற நூலகர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எத்தனையோ பள்ளிகளில் புத்தகங்கள் தலைமையாசிரியர் அறையில் பூட்டிய இரும்பு பீரோவில் இருக்கின்றன. இதே அடுக்கைப் புத்தகத்துக்குச் செய்யலாம். சில மாற்றங்கள் வேண்டும். புத்தகம் பாத்திரத்தைவிடக் கனம், மூன்றடித் தட்டு நிறைந்தால் 30 கிலோவைத் தொடும், ஆகவே மூன்று நிலைக்கு மேல் வேண்டாம், சக்கரம் 100 கிலோ தாங்குவதாக இருக்கட்டும். பட்டிக்குப் பதிலாக முழுப்பலகை போட்டுப் பின்பக்கம் ஓர் அங்குலம் தாழ்த்துங்கள், தள்ளும்போது புத்தகம் முன்னால் விழாது. மேல்தட்டு மூன்றரை அடிக்குள் நின்றால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டும். வகுப்பறை நிலைப்படியின் அகலத்தை முன்பே அளந்துகொள்ளுங்கள். நிலைப்படியில் சிமெண்டால் சிறு சரிவு போட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரே அதை வகுப்பு வகுப்பாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். வரைபடம் வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் வாருங்கள், அளவுகளை எழுதித் தருகிறேன்.